கொக்குமலையில் கட்டிய வீடு

முன்னறையிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தனகோடி தன் பேனாவின் தலையை அமுக்குவதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த அன்பரசிக்கு, ஒவ்வொரு 'டக்'கும் தன் நெஞ்சின் மேலேயே விழுவது போலிருந்தது. ஒரு கையெழுத்துக்காகத்தான் அந்தப் பேனா அப்படிப் பொறுமையில்லாமல் துடித்தது.

தனகோடி திருப்போரூரில் மனைத் தரகர். அன்பரசியின் கணவன் ஜெகதீசனுக்கு ஒரு காலி மனையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது அவன் இல்லை. அதே மனையை விற்றுக் கொடுக்க அவரே வந்திருந்தார். அனுப்பி வைத்தது மகள் ஜெயப்பிரியா. கல்யாணமாகி நாவலூரில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்த அவளுக்கு, அம்மா வாடகை வீட்டில் தனியாகக் கிடப்பது பொறுக்கவில்லை. காலி மனைக்கு யாருக்காகக் காவல் இருக்கிறாய், விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று தினம் ஒரு போன். பெற்ற பெண் அழைக்கிறாள். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

"இன்னாம்மா, டீத்தூள் வாங்கியார ஊட்டிக்கா ஆள் அனுப்பிகீற?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அன்பரசி டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை.

"நாளிக்கு ஞாயித்துக்கெழமண்ணா. காலையில கொக்குமலைக்குப் போயிட்டு வந்துடறேன். சாயங்காலம் வா, ஒரு முடிவு சொல்லிடறேன்."

"மலையில இன்னா கீது? சாமி எறங்கி வந்து சாட்சிக் கையெழுத்துப் போடப் போவுதா?"

"போட்டாலும் போடும்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். அவள் சிரிக்கவில்லை. மனதுக்குள் அவள் போட்டு வைத்திருந்த கணக்கு அவருக்குத் தெரியாது.

கொக்குமலையில் பெரிய கோயில் எதுவும் கிடையாது. பாதி மலையில், பாறை இடுக்கில் ஒரு வேல் மட்டும் நட்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஏறி வந்து அதன் நுனியில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டுப் போவார்கள். சொந்த வீட்டுக்கு ஏங்குகிறவர்கள் அந்த வேலைச் சுற்றியிருக்கும் பாறையில் சின்னச் சின்னக் கற்களை அடுக்கி, ஒரு வீடு கட்டி வைத்துவிட்டு வருவார்கள். கல்வீடு நின்றால் நிஜ வீடும் எழும்பும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

மனை பதிவான அன்று ஜெகதீசன் அவளை அங்கே அழைத்துப் போனான். அவன் டைல்ஸ் ஒட்டும் வேலைக்காரன். நாவலூரிலும் சிறுசேரியிலும் எழும்பிய மாடிவீடுகளில் எத்தனை பேர் வீட்டுத் தரையை அவன் குந்தி உட்கார்ந்து ஒட்டியிருப்பான்! அவன் குடியிருந்த வீடுகளிலோ தரை எல்லாம் வெடித்த சிமெண்ட். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அன்றைக்கு அவன் சட்டைப்பையில் ஒரு நீல டைல்ஸ் துண்டை எடுத்து வந்திருந்தான். தட்டைக் கற்களை நிறுத்தி, பலகைக்கல்லால் மூடி, அதன் மேல் ஒரு மாடி, அதற்கு மேலும் ஒரு மாடி. "கீழ நாம. நடுவுல ஜெயா. மேல வாடகைக்கு வுட்டுக்கலாம்" என்றான். கடைசியில் நீலத் துண்டை வாசற்படியாகப் பதித்தான்.

"தனக்கே கூரை இல்லாத சாமியாண்ட போய் வூடு கேக்கறோமே அன்பு" என்று சிரித்தான் அன்று.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. போன ஆடியில், சிறுசேரியில் ஒரு வீட்டுக் கூடத்தில் தரை ஒட்டிக்கொண்டிருந்தவன், குந்திய வாக்கிலேயே சாய்ந்துவிட்டான். கடைசியாகப் பதித்த கல்லின் மேல் அவன் உள்ளங்கை அப்படியே இருந்ததாம். அந்தக் கல்லின் மேல் இன்று யாரோ நடக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் மலைப்பக்கம் போகவே இல்லை. இப்போது முடிவு செய்திருந்தாள். கல்வீடு நின்றிருந்தால் மனையை விற்பதில்லை. சரிந்திருந்தால், அவனே சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவது.

மறுநாள் காலை ஏரிக்கரை நிறுத்தத்தில் பஸ் அவளை இறக்கிவிட்டுப் போனது. தை மாதத்து ஏரி தளும்பி நின்றது. கரையைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை தொடங்கி, சிறிது தூரத்திலேயே மண் முடிந்து பாறையாகிவிட்டது. வழி தவறாமலிருக்க யாரோ பாறைகளில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் காரைச்செடியும் சூரைமுள்ளும். எங்கோ ஒரு செம்போத்து 'கூப், கூப்' என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. அது நிறுத்தினால் அவளுடைய மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது.

கல்லூரி விடுதியில் நாள் முழுக்க நின்று சப்பாத்தி போடுகிற கால்கள். சமதரையில் சளைக்காதவை, ஏற்றத்தில் கெஞ்சின. செங்குத்தாக ஏறும் இடத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். முன்பு இந்த இடத்தில் அவன் மேலே நின்று கையை நீட்டுவான். இப்போது பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெயில் படாத பாறை, ஈரத் துணி போலக் குளிர்ச்சியாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மலை அவளை அவசரப்படுத்தவில்லை. அவளும் மெதுவாகவே ஏறினாள்.

வேல் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

பாறை துடைத்து வைத்தது போல வெறுமையாக இருந்தது. அவர்களுடைய வீடு மட்டுமல்ல, ஒரு கல்வீடுகூட இல்லை. கற்கள் எல்லாம் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் ஒரு பெண், கையுறை மாட்டிக்கொண்டு, காலித் தண்ணீர்ப் பாட்டில்களைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அன்பரசியின் முகத்தைப் பார்த்து, வெயிலில் ஏறிய களைப்பு என்று நினைத்திருக்க வேண்டும்.

"உக்காருங்க ஆன்ட்டி. தண்ணி வேணுமா?"

பெயர் ஹம்சினி என்றாள். நாவலூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் கூட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். ஏறுவதோடு குப்பையும் பொறுக்குவார்கள். மற்றவர்கள் மறுபக்கச் சரிவில் இருந்தார்கள். கற்களைப் பற்றிக் கேட்டதும் பெருமையாகவே சொன்னாள். வருகிறவர்கள் போட்டோ எடுப்பதற்காகக் கல்லைப் பெயர்த்து அடுக்கிவிட்டுப் போகிறார்களாம். கல்லுக்கு அடியில் குடியிருக்கும் பல்லியும் தேளும் போக்கிடமில்லாமல் செத்துப்போகுமாம். எந்த மலைக்குப் போனாலும் அதைக் கலைத்துவிடுவது அவர்கள் கூட்டத்து வழக்கமாம். இங்கே காலையில்தான் வேலை முடிந்ததாம்.

அன்பரசி கத்தவில்லை. சாபம் கொடுக்கவில்லை. அப்படியே பாறையில் உட்கார்ந்தாள்.

"அது வூடும்மா" என்றாள்.

"என்ன ஆன்ட்டி?"

"நானும் எங்க வூட்டுக்காரரும் கட்டுன வூடு."

பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்வது எளிதாக இருந்தது. கேட்கக் கேட்க ஹம்சினி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். அவள் கண் கலங்கிவிட்டது. தெரியாது ஆன்ட்டி, சத்தியமா தெரியாது என்றாள். திடீரென்று போனை எடுத்தாள். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்வது அவர்கள் பழக்கம். விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"நிறுத்து" என்றாள் அன்பரசி.

நீலம். விரல் நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. ஹம்சினி படத்தைப் பெரிதாக்கினாள். நீல வாசற்படி, நான்கு தட்டைக் கற்கள், மேலே பலகைக்கல். அவ்வளவுதான். இரண்டு மாடிகளும் இல்லை. அவற்றின் கற்கள் பக்கத்திலேயே உருண்டு கிடந்தன.

"இது நீங்க கை வைக்கறதுக்கு முந்தியா?"

"ஆமா ஆன்ட்டி. முதல்ல படம் எடுத்துட்டுதான் தொடுவோம்."

மழையோ காற்றோ குரங்கோ, எது தள்ளியதோ. மாடிகள் முன்பே போய்விட்டிருந்தன. கீழ்வீடு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தாக்குப் பிடித்து நின்றிருக்கிறது. நின்றதென்றும் சொல்ல முடியாது, சரிந்ததென்றும் சொல்ல முடியாது. அவள் போட்டு வந்த கணக்கில் இப்படி ஒரு விடைக்கு இடமே இல்லை.

அன்பரசி எழுந்து மேலே நடந்தாள். ஹம்சினி தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள்.

உச்சியில் மேசை போல ஒரு தட்டைப் பாறை. அங்கே போய் நின்றால் ஊரே காலடியில் விரியும். கீழே ஏரி. அதைத் தாண்டி நாற்றங்கால் பச்சை. பச்சைக்கு அப்பால் வெள்ளைக் கல் நட்ட மனைகள், கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரி. அதற்கும் அப்பால் மாடிக் கட்டடங்கள், கழிமுகத்துத் தண்ணீரின் பளபளப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில், மாமல்லபுரம் திசையில், மெல்லிய கோடாகக் கடல். காற்று அவள் முந்தானையை எடுத்து விசிறியது.

அவனும் இதே இடத்தில் நின்றுதான் கையை நீட்டுவான். அந்த உயரமான கட்டடத்தில் ஆறாவது மாடி முழுக்க என் கை பட்ட தரை என்பான். பிறகு கையை இறக்கி, ஒற்றைப் பனை நிற்கும் இடத்தைக் காட்டுவான். "அங்க பாரு அன்பு, நம்ம எடம்." இன்றும் பனை அங்கேயேதான் நின்றது. அதன் அடியில் காலி மண். மூன்றடுக்கு வீடு அவனுடைய ஆசை. ஜெயா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாடகைக்கு விட்டு நிர்வகிக்க அவன் இல்லை. அன்பரசியின் ஆசை என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. கடலின் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றபோது, முதல்முறையாகக் கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. தேம்பலாக இல்லை, ஏரி மதகு லேசாகத் திறந்தது போல, சத்தமில்லாமல். ஹம்சினி சற்றுத் தள்ளி, மறுபக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி வந்து இருவரும் கற்களைத் தேடினார்கள். ஒவ்வொரு கல்லையும் தூக்குவதற்கு முன் அன்பரசி குனிந்து அடியில் பார்த்தாள். ஹம்சினி என்னவென்று கேட்டாள்.

"உள்ள யாருனா வாடகைக்குக் கீறாங்களான்னு பாக்கறேன். சொல்லாம கொள்ளாம காலி பண்ணக் கூடாதில்ல."

ஹம்சினி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நீலத் துண்டைக் கண்டெடுத்ததும் அவள்தான். வேலுக்கு நேர் எதிரே, தட்டைக் கற்களை நிறுத்திப் பலகைக்கல்லால் மூடினாள் அன்பரசி. வாசற்படியை வைத்தாள். மேலே வைக்கட்டுமா என்று ஹம்சினி இன்னொரு கல்லை நீட்டினாள்.

"வேணாம்மா. எனக்கு இது போதும்."

இந்தப் பாறையில் இனி யாரும் கை வைக்காமலிருக்கத் தங்கள் கூட்டத்தில் சொல்லிவிடுவதாக ஹம்சினி சொன்னாள். செங்குத்தான இடத்தில் முதலில் தான் இறங்கி நின்று, கையை நீட்டினாள். அன்பரசி பற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் தனகோடி வந்தபோது, அன்பரசி மகளோடு போனில் பேசி முடித்திருந்தாள். காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பாதி மனைக்குப் பேசுண்ணா. மீதிப் பாதியில நான் வூடு கட்டிக்கிறேன்."

"பாதியில இன்னா, பொம்மை வூடா கட்டப்போற?"

"ஒரு ரூமு, ஒரு அடுப்படி. எனக்கு எதுக்கு மாளிகை?"

பாதி மனை வாங்க எந்தப் பைத்தியக்காரன் வருவான் என்று அவர் முனகினார். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டார். போனில் ஜெயப்பிரியா முதலில் கோபப்பட்டாள். கடைசியில், அழுத குரலில் ஒன்றுதான் கேட்டாள்.

"தரைக்கு இன்னா கலர் டைல்ஸ் போடப்போறன்னு கேட்டாண்ணா" என்றாள் அன்பரசி.

தனகோடி அவளையே பார்த்தார். ஜெகதீசனுக்கு அந்த மனையைக் காட்டிய நாள் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேனாவை ஒருமுறை அமுக்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது திரும்பினார்.

"எந்தப் பக்கம் உனுக்கு வோணும்?"

"பனமரத்துப் பக்கம். மலையிலேர்ந்து பாத்தா தெரியணும்."

அவர் தலையாட்டினார். வண்டி இரண்டு உதைக்குப் பிறகு கிளம்பியது. சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வாடகை வீட்டுக் கதவு வழக்கம்போல் நிலையில் இடித்தது. அன்பரசி அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.