மேல்மண் கீழே கிடந்த பள்ளம்

என் அக்கா புருஷனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பெருச்சாளி. மலைக் கிராமங்களில் மண் ஆய்வு செய்யும் குழுவில் அவருக்குப் பள்ளம் தோண்டுகிற வேலை. அதே குழுவில் நான் ஜீப் ஓட்டுகிறேன். மாமா கடப்பாரையை ஓங்கினால் பூமிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பாத்திர பண்டங்களை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சும்மா குழி வெட்டுகிற வேலை இல்லை இது. மார்பளவுக்குப் பள்ளம் எடுத்து, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் வழுவழுவென்று சீவி வைக்க வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எங்கள் குழுவை நடத்துகிற மேடம் மண்ணின் அடுக்குகளைப் படிப்பார். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே வெளிறிய மண். இரண்டையும் தனித்தனித் தார்ப்பாயில் குவிக்க வேண்டும். மூடும்போது கீழ்மண் முதலில் போகும், மேல்மண் கடைசியில் போகும். மாற்றிக் கொட்டினால் அங்கே புல்கூட முளைக்காது.

இந்த விஷயத்தில் மாமா ஒரு பைத்தியம். அலமாரியில் துணி அடுக்கினாலும் அடியில் இருந்த சட்டை அடியில்தான் இருக்க வேண்டும். தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூட எழுந்து முன்பிருந்தபடியே படுப்பார் என்று அக்கா புலம்புவாள்.

அக்காவும் மாமாவும் கல்யாணமான நாளிலிருந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும், கட்டிலில் உட்கார்ந்தால் அடுப்பில் இடிக்கும். அதனால்தான் மலைச்சரிவில் ஓர் இடம் கிடைத்ததும் மாமா விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடந்து, முழங்கால் ஆழத்துக்கு அஸ்திவாரக் குழி வெட்டிவிட்டார். அடுப்பு எங்கே, ஜன்னல் எங்கே என்று அக்கா அந்த மண்ணில் குச்சியால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

ஆய்வு அந்தச் சரிவுக்கே வந்தது. அஸ்திவாரத்துக்குக் கொஞ்சம் மேலே மாமா பள்ளம் எடுத்தார். மேடம் உள்ளே இறங்கி, மண்ணின் நிறம் பளிச்சென்று தெரிய பாட்டில் தண்ணீரைச் சுவரில் தெளித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மேலே கறுப்பு. நடுவில் வெளிர் மண், அதில் கன்னாபின்னாவென்று கல். அதற்கும் கீழே, இடுப்புக்குக் கீழ் ஆழத்தில், மறுபடியும் கறுப்பு.

"பெருச்சாளி, இங்க முன்னாடியே தோண்டியிருக்கியா?"

"இல்ல மேடம்."

"பின்ன மேல்மண்ணு எப்படி அடியில போச்சு? தோண்டிட்டு தலைகீழா மூடியிருக்க."

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "விடுங்க மாமா, தூக்கத்துல எந்திரிச்சு வந்து தோண்டியிருப்பீங்க" என்றேன்.

"நீ வாய மூடு மாப்ள." மேடம் பக்கம் திரும்பினார். "மேடம், அதோ என் வீட்டுக் குழி. பூமி உண்டான நாள்லேர்ந்து அங்க என்னத் தவிர ஒருத்தனும் கை வெக்கல. நானும் முழங்கால் ஆழத்தோட நிறுத்திட்டேன். அதுலயே இன்னும் தோண்டுறேன். அடியில கறுப்பு வந்தா, இது நான் மூடினது இல்லைன்னு ஒத்துக்குவீங்களா?"

"வரலைன்னா?"

"கடப்பாரைய உங்ககிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுறேன்."

மண் எங்கள் ஜீப் கூரைமேல் வந்து விழுகிற வேகத்தில் தோண்டினார். நாங்கள் வேலை பார்ப்பதைக் காண வந்திருந்த அக்கா, தன் அடுப்பங்கரைக் கோடு அழிவதைப் பார்த்து, "இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்.

மாமா இரண்டு கை நிறையக் கறுப்பு மண்ணோடு எழுந்து நின்றார். அதில் மக்கிப்போன புல் வேர்கூட இருந்தது. "பாருங்க மேடம். கறுப்பு. நான் மாத்தி மூடல. யாருமே மூடல."

நான் விசில் அடித்தேன். அக்காவும் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் கையிலிருந்த மண்ணைத் தொட்டார். பிறகு தலையைத் தூக்கி, சரிவின் உச்சியைப் பார்த்தார். அங்கே மலையில் பெரிய கரண்டியால் வழித்தெடுத்தது போல ஒரு குழிவு. தினமும் பார்க்கிற குழிவுதான்.

"நீ மூடல" என்றார் மெதுவாக. "மன்னிச்சுக்க. மலை மூடியிருக்கு."

மாமாவுக்குச் சிரிப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. "என்ன மேடம்?"

"அந்தக் கறுப்புதான் பழைய தரை. அதுமேல புல்லு இருந்திருக்கு. மேல இருந்து மலை சரிஞ்சு வந்து அது மேல படுத்திருக்கு. நாம இப்ப நிக்கிறது சரிஞ்சு வந்த மண்ணு மேல."

நின்ற இடத்திலிருந்து ஒரு காலைத் தூக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமாவின் விரல்களுக்கிடையே மண் உதிர்ந்துகொண்டே இருந்தது.

அக்காதான் பேசினாள். "மறுபடி வருமாம்மா?"

"எப்பன்னு சொல்ல முடியாது. வராமலேகூட இருக்கலாம். ஒரு பெரிய மழைக்கும் வரலாம். ஆனா இது அதே சரிவு."

அக்கா குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்குப் போட்ட கோடு அவள் காலடியில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தடவி அழித்தாள்.

"மூடுங்க" என்றாள்.

மாமா கறுப்பு மண்ணை முதலில் போட்டு மிதித்தார். அதன்மேல் வெளிர் மண், கல். கடைசியில் மேலே இருந்த கறுப்பு. முடித்ததும் மேடத்தைப் பார்த்து, "வரிசை சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியா இருக்கு" என்றார்.

இப்போது மலைத்தோளில், பாறை கெட்டியாக இருக்கும் பக்கம், மாமா வேறோர் இடம் பார்த்திருக்கிறார். இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை. நாலு மூலையிலும் ஆள் உயரத்துக்குத் தோண்டி, மேடம் போலவே தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவிலும் ஒன்று தோண்டப் போகிறாராம்.

"வீடு கட்டுங்கன்னா கிணறு வெட்டுறாரு" என்று அக்கா திட்டுகிறாள். திட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவள்தான் நிரப்பிக் கொடுக்கிறாள்.