பட்டனை விடாத விரல்

கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டியில் இரண்டு ரேடியோவைக் குடிவைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று காலேஜில் யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன், அது வேறு விஷயம். எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தவன், கடைசியில் கங்கைகொண்டானில் ஒரு தகரக்கூரைப் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். இன்வெர்ட்டர் போர்டு ரிப்பேர் பார்க்கிற இடம். சொந்தமாக ஒரு கருவி செய்ய வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்து, ஓரமாக ஒரு மேசை போட்டிருந்தார். அதில் நானும், பற்றவைக்கிற அக்காவும். அக்கா கையில் சால்டரிங் இரும்பு பேனா மாதிரி ஓடும். நான் பற்றவைத்தால் போர்டில் காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கும்.

கருவியைக் கேட்டது அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயிகள் சங்கம். மலையடி வயல்களில் செல்போன் எடுக்காது. பன்றி வரும், கரடி வரும். வயலில் நிற்கிற ஆள் பட்டனை அமுக்கிப் பேசினால் சங்க ஆபீசில் கேட்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறார் என்று திரையில் ஒரு புள்ளியும் விழ வேண்டும். அவ்வளவுதான்.

"ஆர்டர் வந்தா இந்த மேச இருக்கும். வரலன்னா எடுத்துருவேன், பாத்துக்கோங்க" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். மேசை என்று அவர் சொன்னது எங்கள் இரண்டு பேரையும். எனக்காவது வீட்டில் சோறு போட அப்பா இருந்தார். அக்கா வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அக்கா.

சிக்கல் இதுதான். பேசுகிற ரேடியோ கத்துகிற ரகம். இடம் கண்டுபிடிக்கிற ஜிபிஎஸ், வானத்திலிருந்து வருகிற முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்கிற ரகம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைப்பது, தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரகசியம் கேட்கிற கதை. பட்டனை அமுக்கினால் போதும், ஜிபிஎஸ் செவிடாகிவிடும். ஆன்டெனாக்களைப் பெட்டியின் இரண்டு கோடிக்குத் தள்ளினேன். நடுவில் தகரத் தடுப்பு வைத்தேன். ஃபில்டர் மாற்றி மாற்றி அக்கா பற்றவைத்ததில் நாலு போர்டு செத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் முறை வைத்துவிட்டேன். ஒருவர் பேசும்போது மற்றவர் காதை மூடிக்கொள்ள வேண்டும். பட்டன் அமுங்கியிருக்கும்வரை ஜிபிஎஸ் தூங்கும். விரலை எடுத்ததும் எழுந்து, இடத்தைப் பார்த்து, ஆபீசுக்குப் புள்ளியை அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடும். பேட்டரியும் மிச்சம். மேசையில் வைத்துப் பார்த்தால் பிரமாதம். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்கா மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, பட்டன விடவே இல்லன்னா?"

"யாருக்கா விடாம இருப்பா? விட்டாத்தான அந்தப் பக்கம் பேசுறது கேக்கும்?"

"எங்க ஊர்ல பெரியாளுககிட்ட போன்ல பேசுனா அவிய வைக்காம நாங்க வைக்க மாட்டோம்லே. ஒரு பத்து எண்ணுனதும் தானா வெட்டுத மாதிரி வச்சிரு."

"இது போன் இல்லக்கா, வாக்கி டாக்கி. பேசுறவன் பேச்ச நடுவுல வெட்டுனா என் மூஞ்சியில காறித் துப்புவான்."

"சரி சாமி, நீதான படிச்சவன்" என்று சொல்லிவிட்டு அக்கா இரும்பைத் துடைக்கப் போய்விட்டார்.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை. சங்கத் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். வயலுக்குக் கருவியைக் கொண்டுபோகக் களையெடுக்கிற ஒரு அம்மாளை அவரே தேர்ந்தெடுத்தார். நான் சொல்லிக்கொடுத்தேன்: அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அரை நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

நானும் முதலாளியும் அண்ணாச்சியோடு ஆபீசில் திரையைப் பார்த்தபடி இருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஆபீசில் வைத்திருந்த ஜோடிப் பெட்டி பேசியது.

"அண்ணாச்சி, நான்தான் பேசுதேன். மலையடிக்கு வந்துட்டேன். இங்கன வாய்க்கா ஓரமா நிக்கேன். பன்னி ஒண்ணும் வரல."

குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. முதலாளி என் முதுகைத் தட்டினார். இனி விரலை எடுப்பார், புள்ளி விழும்.

"வெயிலு கொளுத்துது அண்ணாச்சி. வரப்பு உடஞ்சு கெடக்கு, அதையும் பாக்கச் சொல்லணும்."

அப்புறம் சத்தம் இல்லை. காற்று மட்டும் இரைந்தது. விரல் எடுக்கவில்லை. திரையில் புள்ளியும் இல்லை.

"சரிம்மா, கைய எடு" என்று அண்ணாச்சி பெட்டியில் சொன்னார். பட்டன் அமுங்கியிருந்தால் அந்த அம்மாளுக்கு எதுவும் கேட்காது.

"அண்ணாச்சி, இருக்கீயளா?" என்றது பெட்டி. மறுபடி காற்று.

"என்னவே, புள்ளியக் காணும்?" அண்ணாச்சி முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாய்க்கால் ஓரத்தில், பெட்டியைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அமுக்கிய அமுக்கில் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஏம்மா விடல?"

"அண்ணாச்சி இன்னும் சரி வைன்னு சொல்லலியே தம்பி. பெரியவிய பேசி முடிக்காம நாமளா வைக்கலாமா?"

கையை எடு என்று அண்ணாச்சி பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார், இவர் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. நான் அந்த விரலை மெதுவாக எடுத்துவிட்டேன். அந்த நிமிடமே புள்ளி விழுந்திருக்கும். பார்க்க யாரும் இல்லை. நான் திரும்பி வந்தபோது அண்ணாச்சி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கோபப்படக்கூட இல்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா பன்னி முன்னால நிக்கிறவ விரல எடுக்கவா நெனப்பா? பயந்துபோய் இன்னும் இறுக்கித்தான் புடிப்பா. எங்களுக்கு ஆகாது தம்பி."

கங்கைகொண்டான் வந்ததும் முதலாளி "மாசக் கடைசி வரைக்கும் வாங்க, ரெண்டு பேரும்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா சொன்னதைச் செய்தேன். பத்து எண்ணியதும் தானாக வெட்ட வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா பட்டனை அமுக்கி விடாமல் பிடித்துக்கொண்டார். பத்து எண்ணியதும் வெட்டியது. திரையில் எங்கள் தகரக்கூரை மேலேயே புள்ளி விழுந்தது. முதலாளியைக் கூப்பிட்டேன். இன்வெர்ட்டர்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தவர் கையை மட்டும் ஆட்டினார். சங்கத்துக்கு மூன்று தடவை போன் போட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

"அன்னைக்கே நீங்க சொன்னீயக்கா" என்றேன்.

"இப்ப சொல்லி என்னலே" என்று இரும்பின் பிளக்கைப் பிடுங்கினார்.

அக்கா இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். உட்கார விடமாட்டார்களாம். போன வாரம் போன் செய்தார்.

"வேல கெடச்சுதாலே?"

"இல்லக்கா. உங்களுக்குக் கால் வலி எப்படி?"

"இருக்கு."

அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. அவர் பெரியவர், அவர்தான் முதலில் வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.