இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும்

ஈயம் உருகும் கசப்புப் புகை எங்கே மூக்கில் பட்டாலும், எனக்குக் கூடவே வேர்க்கடலைத் தூசியின் வாசனையும் வந்துவிடும். கீழ்பென்னாத்தூர் சாலையில் அப்பா வேலை பார்த்த எடைமேடையின் சிறிய அறையில், எங்கள் பக்கம் 'மல்லாட்டை' என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டை வண்டிகள் வரும் பருவத்தில், இரண்டும் ஒன்றாகத்தான் மணந்தன.

வண்டி மேடையில் ஏறியதும் எடைப்பெட்டியில் சிவப்பு எண்கள் எரியும். அதைப் பார்த்து அப்பா சீட்டில் எழுதித் தருவார். அந்த வருஷம் அவர் கண்ணில் புரை விழுந்து, எட்டும் ஆறும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்க, மூட்டை கொண்டுவந்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். முதலாளி பொறுமைசாலி. யாரோ கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்தார். எடைப்பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்துவிட்டால் எடை தானாக ஏறி அச்சாகிவிடும், அப்பா பொத்தானைத் தட்டினால் போதும். "கார்த்திகை தீபத்துக்குள்ள இது ஓடலன்னா வேற ஆளத்தான் போடணும், கோச்சிக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்து ஒயர் பற்றவைக்கக்கூடியவர் மைக்செட் குப்பண்ணன் ஒருவர்தான். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று திருவிழா விளக்குகளுக்கு ஒயர் இழுத்த பழக்கத்தில், ஒயர் செருகும் ஒன்பது ஊசி வாயில் எடைப்பெட்டியின் இரண்டாம் ஊசியைக் கம்ப்யூட்டரின் இரண்டாம் ஊசியோடும், மூன்றாவதை மூன்றாவதோடும் நேராகச் சேர்த்தார். மூன்று நாளாகியும் திரை வெறுமையாகவே கிடந்தது. பொட்டி செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். இரண்டு கருவிகளோடும் வந்த ஆங்கிலப் புத்தகங்களில் படம் மட்டும்தான் பார்ப்பேன். இரண்டு படத்திலும் இரண்டாம் ஊசியின் அம்பு உள்ளே பார்த்திருந்தது. இரண்டு பேரும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால் கொடுப்பது யார்? இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மதியம் அறை காலியானதும், குப்பண்ணன் வைத்துவிட்டுப் போன, சூடு ஆறாத ஈயப் பற்றுக்கோலை எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி வைத்தேன்.

திரையில் கிறுக்கலாகக் கொட்டியது. ஊமையாகக் கிடந்தது உளறவாவது செய்கிறதே என்றிருந்தது. எடைப்பெட்டியின் புத்தகத்தில் 2400 என்பதை யாரோ வட்டமிட்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் 9600. இரண்டும் பேசிக்கொள்ளும் வேகம் அது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஆங்கில எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியுமே. மூன்று நாளாகக் குப்பண்ணன் தட்டிய பொத்தான்களைத் தட்டி அதையும் 2400 ஆக்கினேன்.

எல்லோரும் திரும்பியபோது ஒரு டிராக்டர் மேடையில் ஏறியது. பெட்டியில் 6840. திரையிலும் 6840. அப்பா பொத்தானைத் தட்ட, சீட்டு கரகரவென்று வெளியே வந்தது. போன வாரம் சண்டை போட்டவர்தான் டிராக்டர்காரர். சீட்டையும் சிவப்பு எண்ணையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

யார் மாற்றியது என்று முதலாளி கேட்டார். நான் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மூணு நாளா எம்பக்கத்துலயே குந்திக்கினு இருந்தியேடா, வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்றார் குப்பண்ணன்.

"எம்புள்ளதாங்க. பேசமாட்டான், செஞ்சிடுவான்" என்றார் அப்பா.

இன்று எடைக்கருவி பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்த ஒன்பது ஊசி வாயே கிடையாது. எடைமேடை இருந்த இடத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. ஆனால் அதற்கு முன்பு, அந்த ஒயருக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தார். போதும் என்று அவராக எழுந்த பிறகுதான் வேறு ஆள் வந்தார்.