அக்கா படுக்கப்போகும் மூலை

எங்கள் அப்பா பியோ தால்சு, வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கிறவர். ஜேச்சன் ஊரில் பாதிப் பேருடைய முதுகு குளிர்காலத்தில் அவர் தயவில்தான் சூடாக இருக்கிறது. மிரே அக்காவுக்குப் பேசிய சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை போனபோது, கும்பிட மண்டியிட்டுக் கைகளைத் தரையில் வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. "சம்பந்தி, ஜன்னலோரம் ஒரு குழாய் வரிசை வேலை செய்யல" என்றார். கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது.

தொழிலில் அவருக்கு இரண்டு சட்டம். ஒரு சாண் அகலத்துக்குக் குறைவாகக் குழாயை வளைக்கக் கூடாது. சிமெண்ட் கலவைக்கு அடியில் புதையும் குழாயில் இணைப்பு வைக்கக் கூடாது. இதை மீறிய வேலையாட்களை அவர் திட்டும் திட்டை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய எதையும் விட அது நீளம்.

டிசம்பர் கடைசியில் அக்காவுக்குப் பிரசவம். எங்கள் வழக்கப்படி பிள்ளை பெற்றபின் மூன்று வாரம் எங்கள் வீட்டில் சூடான தரையில் படுத்திருக்க வேண்டும். அக்கா பிறந்தபோது அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. அப்பா வேறு ஊரில் யார் யாருடைய தரையையோ சூடாக்கிக்கொண்டிருந்தார். அம்மா வாடகை அறையில், ஜில்லென்ற தரையில் கிடந்தாள். பிள்ளை பெற்ற உடம்பில் ஏறிய குளிர் இறங்கவே இல்லை. இன்றும் நவம்பர் வந்தால் அவள் மணிக்கட்டு வீங்கும். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் ஜாடி மூடியைத் திறக்கத் திணறும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அதனால் இந்த நவம்பரில் அக்காவுக்கான அறையின் பழைய தரையைப் பெயர்த்துப் போட்டுப் புதிதாகக் குழாய் பதித்தார். மதியம் இரண்டு மணிக்குக் கலவை லாரி. இன்றைக்கு விட்டால் அடுத்த லாரி இரண்டு வாரம் கழித்துத்தான். அக்கா வருவதற்குள் தரை காயாது.

ஒன்றரைக்கு அப்பாவின் போன் குழந்தை போல வீறிட்டு அழுதது. மணியோசையை நான்தான் அப்படி மாற்றி வைத்திருந்தேன். அப்பா வாசல் வரை ஓடிவிட்டுத் திரும்பினார். லாரிக்காரர், கிளம்பிவிட்டாராம்.

அம்மா குனிந்து பார்த்தாள். "மிரே அப்பா, இந்த வளைவுல என்ன வெள்ளையா ஒரு கோடு?"

அப்பா முகம் செத்துப்போனது. குழாய் மடிந்து நசுங்கியிருந்தது. அக்கா படுக்கப்போகும் மூலையில், அரைச் சாணில் வளைத்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் ஒரு சாண். நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன, எறும்போட சாணா?" என்றாள் அம்மா.

"அவ முதுகு படுற இடம். நெருக்கமா இருந்தா சூடு நல்லா வரும்னு..."

"வெட்டிட்டு ஒரு இணைப்பு போடுங்களேன்."

"கலவைக்கு அடியிலயா? நாளைக்கு ஒழுகினா, புள்ளையத் தூக்கி வெளிய போட்டுட்டுத் தரைய உடைக்கச் சொல்றியா?"

வெப்பக்காற்று ஊதும் துப்பாக்கியை எடுத்தார். இந்தப் பிளாஸ்டிக் குழாய், வார்க்கப்பட்டபோது இருந்த உருவத்தை மறக்காது. பதமாகச் சூடு காட்டினால் அதற்கே திரும்பும். கொஞ்சம் கூடிப்போனால் கருகும். அப்பா வளைவை அகற்றிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டினார். பால் நிறக் குழாய் சூடு பட்ட இடத்தில் கண்ணாடி போலத் தெளிந்தது. நசுங்கல் மெல்ல மெல்ல உப்பி, உருண்டையானது. அம்மா குனிந்து ஊதப் போனாள்.

"ஊதாத! தானா ஆறட்டும்."

வாசலில் லாரி ஹார்ன். "அண்ணே! கலவை இறுகுது! நான் என்ன, வேடிக்கை பாக்கவா வந்தேன்?"

நான் வெளியே ஓடி லாரிக்காரருக்குக் காப்பி கொடுத்தேன். குடித்து முடித்ததும் இன்னொன்று. மூன்றாவதில் உப்பு போட்டேன். அவர் துப்பி, என்னைத் திட்டி, வாய் கொப்பளித்து முடிக்க நிறைய நேரம் பிடித்தது.

நான் உள்ளே வந்தபோது குழாய் ஆறி, பழைய பால் நிறத்துக்குத் திரும்பியிருந்தது; மடிந்த கோட்டை மட்டும் காணோம். அப்பா வரிசைகளை நெருக்கமாகவே விட்டு, திருப்பத்தை மட்டும் பேரிக்காய் போல அகலமாக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர் நிரப்பிப் பம்பை அழுத்தினார். எங்காவது ஒழுகினால் அழுத்தமானியின் முள் இறங்கும்; மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம். பத்து. லாரிக்காரரும் வந்து, திட்டுவதை நிறுத்திவிட்டு, எங்களோடு உட்கார்ந்தார். அரை மணி நேரமாகியும் முள் அசையவில்லை.

"ஊத்துப்பா" என்றார் அப்பா.

ஜனவரி முதல் வாரத்தில் அக்கா மகளோடு வந்து அந்த மூலையில் படுத்தாள். அப்பா கால் மணிக்கு ஒருமுறை வந்து அவள் முதுகுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அப்பா, நான் என்ன கறியா? அடுத்த பக்கம் திருப்பிப் போடவா?"

"இன்னும் ஒரு டிகிரி கூட்டலாமான்னு பாக்குறேன்."

"நெஞ்சு வரைக்கும் வேர்க்குதுப்பா!"

பிள்ளை பெற்றவளுக்கான கடல்பாசிச் சூப்போடு வந்த அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போதும் மிரே அப்பா. சூடு வந்தாச்சு."

அவர் தலையாட்டினார். கையை மட்டும் தரையிலிருந்து எடுக்கவில்லை.