மெழுகின் மேல் மெழுகு

கரண்டிக் காம்பால் நெம்பி அந்தத் தட்டை மெழுகு டப்பாவின் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது டர்பன்டைனின் காரம்தான். அது தணிந்த பிறகு, தேன் இருந்த பாத்திரத்தைக் கழுவாமல் விட்டதுபோல ஓர் இனிப்பு மணம் மெல்லக் கூடம் முழுக்கப் பரவும். அந்த மணம் வந்தால் அன்று மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்று அர்த்தம், பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை எனக்கும் அக்காவுக்கும் விளையாட்டு இல்லை என்று அர்த்தம், சாயங்காலம் தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரை கடுத்துக்கொண்டிருக்கும் என்றும் அர்த்தம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிதான் விடுமுறை. மற்றப் பிள்ளைகளுக்கு அது விடுமுறை. எங்களுக்கு அது "மேசை வெள்ளி".

அந்த மேசை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தவழும் குழந்தை. குவைத்திலிருந்து முதல் லீவில் வந்திருந்த அத்தா, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்து, எட்டுப் பேர் சுற்றி உட்காரும் ஈட்டி மர மேசையை நாற்காலிகளோடு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாலக்கரையில் எங்கள் சந்துக்குள் வண்டி நுழையவில்லை, வாசலுக்குள் மேசை நுழையவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வரதன் ஆசாரியை வரவழைத்துக் கால்களைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய், மறுபடி மாட்டினார்களாம். அத்தா வெளிநாட்டில் இருந்ததால் சந்தில் எங்களைச் "சபுராளி வீடு" என்பார்கள். மற்றச் சபுராளி வீடுகளில் டேப்ரிக்கார்டரும் மின்விசிறியும் இருந்தன. எங்கள் வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு மேசை இருந்தது.

மெழுகு குவைத்திலிருந்து வரும். யாராவது லீவில் ஊர் திரும்பும்போது அவர்கள் பெட்டியில் அத்தா ஒரு டப்பா போட்டு அனுப்பிவிடுவார். அவர் உடுத்திப் பழசான கைலிகளை அம்மா உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்பாள். ஒரு துண்டில் மெழுகைத் தொட்டு, சந்தனம் பூசுவதுபோல லேசாக, மரத்தின் வரி ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். பூசிய இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியதும் இன்னொரு துண்டை எடுத்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். நான் கால்களுக்கு, ரஹ்மத் அக்கா நாற்காலிகளுக்கு, அம்மா மேல் பலகைக்கு. எல்லாம் முடிந்து கறுப்பும் செம்மையுமாய் அது மின்னும்போது, அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிடுவாள். பிறகு அடுத்த முதல் வெள்ளி வரைக்கும் அந்தப் பளபளப்பை யாரும் பார்க்க முடியாது.

அதில் நாங்கள் சாப்பிட்டதில்லை, எழுதியதில்லை, ஒரு தம்ளர் தண்ணீர்கூட வைத்ததில்லை. தரையில் "சுப்ரா" விரித்து, அதாவது சாப்பாட்டுக்கென்றே வைத்திருந்த நீளத் துணியை விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அத்தா வருகிற இரண்டு மாதம் மட்டும் பெட்ஷீட் மடிந்து அலமாரிக்குப் போகும். அத்தா மேசையின் தலைப்பக்கம் உட்கார, நாங்கள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, சோற்றுப் பருக்கை சிந்தாமல், விருந்து வீட்டில் சாப்பிடுவதுபோலச் சாப்பிடுவோம். அத்தாவும் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சமாக எடுத்து, மெதுவாகத்தான் சாப்பிடுவார். வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் போன பிறகு கடிதம் வரும், சில சமயம் அவர் பேசிப் பதிந்த கேசட் வரும். கேசட் வந்தால் பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்போம். பெரியவர்களுக்கு சலாம் சொல்லி, பிள்ளைகள் படிப்பை விசாரித்து, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேசை எப்படி இருக்கு? மெழுகு போடுறியா?" என்று தவறாமல் கேட்பார். அம்மா உடனே பதில் எழுத உட்கார்ந்துவிடுவாள். தனக்குக் காய்ச்சல் வந்ததை ஒரு வரியில் எழுதுகிறவள், மேசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள். நடுப்பலகையில் ஓடும் கறுப்பு வரி இந்த மாதம் எப்படித் துலங்கியது, எந்த நாற்காலியின் கை தேய்ந்திருக்கிறது, சின்னவள் கால்களை எவ்வளவு நேரம் தேய்த்தாள் என்றெல்லாம் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதுவாள்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது குவைத்தில் சண்டை மூண்டது. வானொலியில் சொன்னது எங்களுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கடிதங்கள் நின்றுபோயின. போன் இருந்த வீடுகளுக்கெல்லாம் அம்மா போய் வந்தாள். யாருடைய போனிலும் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதம் தொடங்கியது. மேசை வெள்ளி என்பது மாதம் ஒன்றாக இருந்தது வாரம் ஒன்றானது, பிறகு தினமும் ஆனது.

காலையில் எழுந்ததும் அம்மா பெட்ஷீட்டை எடுப்பாள். சோறு வடித்துவிட்டு வந்து தேய்ப்பாள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மறுபடி தேய்ப்பாள். டப்பா மெழுகு தீர்ந்ததும் என்னையும் அக்காவையும் சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பித் தேன்மெழுகு வாங்கி வரச் சொன்னாள். கொதிக்கும் வெந்நீருக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து அதை உருக்கி, அடுப்பை அணைத்து, தூரத் தள்ளி வைத்துக்கொண்டு டர்பன்டைன் கலந்தாள். அது அவளாகவே கண்டுபிடித்த பக்குவம். அந்த மாதங்களில் அவள் எங்களை அடித்ததில்லை, திட்டியதில்லை. எங்களிடம் பேசியதும் மிகக் குறைவு. தேய்க்கும் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலிலேயே அந்தச் சத்தம் காதில் விழும். எனக்கு உள்ளே போகவே அலுப்பாக இருக்கும். பத்து வயதில் அப்படி ஒரு களைப்பு வரும் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்.

இவ்வளவு பூசியும் மேசை மின்னவில்லை. நாளுக்கு நாள் மங்கியது. கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. தூசியும் கைலி நூலும் அதில் படிந்து, எடுக்க வராமல் நின்றன. என் ஐந்து விரல்களும் ஒரு மூலையில் அப்படியே பதிந்துபோயின. அம்மா அதன் மேல் இன்னும் பூசினாள். நடுப்பலகையின் கறுப்பு வரி முற்றிலும் மறைந்துபோன அன்று, துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுடி," என்றாள்.

அப்போது ரஹ்மத் அக்காவுக்குப் பதினைந்து வயது. மறுநாள் யாரிடமும் கேட்காமல், சத்திரத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், வடக்குச் சித்திரை வீதி, கிழக்குச் சித்திரை வீதி என்று விசாரித்து அலைந்து, வரதன் ஆசாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தனியாக அவ்வளவு தூரம் போனதற்கு அம்மா அவளைக் கோபிக்கவும் இல்லை. கோபிக்கத் தெம்பு இல்லை.

ஆசாரி நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பழுப்பாக, சோப்புச் சீவல் மாதிரி, அது சுருண்டு வந்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உண்மையைச் சொன்னாள். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. அந்த வருஷம் பாலக்கரையில் எந்த வீட்டிலும் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகலைம்மா," என்றார். "மெழுகு காவலுக்குத்தான். ஒரு தடவை போட்டா அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். நீங்க மரத்துக்குப் போடல, மெழுகு மேலயே மெழுகு போட்டிருக்கீங்க."

இரண்டு நாள் ஆயிற்று. டர்பன்டைனில் நனைத்த துணியால் அவர் ஒவ்வொரு அடியாகத் துடைத்து எடுத்தார். அத்தாவின் கைலித் துண்டுகள் அத்தனையும் அதில் தீர்ந்தன. கறுப்பு வரி வெளியே வந்தது. கடைசியில் அவரே ஒரு விரல் மெழுகை மட்டும் எடுத்து மேசை முழுவதற்கும் பூசி, தேய்த்து, இனி ஆறு மாதத்துக்கு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அம்மா அன்று பகலிலேயே பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பின் இரண்டு வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், சந்து முனையில் ஆட்டோவிலிருந்து அத்தா இறங்கினார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்திருந்தது. யாருடையதோ ஒரு சட்டை, தோள் அளவு பொருந்தாமல் தொங்கியது. கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. பாலைவனத்தில் கூடாரத்தில் பல வாரம் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்திருக்கிறார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். அழுதது அக்காதான்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா பெட்ஷீட்டை எடுத்து, நல்ல தட்டுகளை வைத்து, சோறும் கறி ஆணமும் கொண்டுவந்து பரப்பினாள். அத்தா தலைப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கவளத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனவர் அப்படியே தட்டில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கீழே உட்கார்ந்து, சுப்ராவை விரிக்கச் சொன்னார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. மேசையில் ஏதாவது குறை தெரிகிறதா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை என்று தலையசைத்துவிட்டு அத்தா சொன்னார். குவைத்தில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேராம். தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் சாப்பிட்டாராம். லீவில் வரும்போதெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காதாம். அம்மா இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாளே என்று சொல்லாமல் இருந்துவிட்டாராம்.

அம்மா கையில் இருந்த ஆணச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குத் தேய்ச்சேன்? கடுதாசிக்குக் கடுதாசி நீங்கதானே கேட்டீங்க?"

அத்தா சுப்ராவின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டே இருந்தார்.

"முதல் தடவை சும்மாதான் கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதியிருந்தே. வேற எதைக் கேட்டாலும் ஒரு வரிதான் எழுதுவே. கடுதாசி நீளமா வரட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அம்மா மேசை மேல் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். அத்தாவுக்கு எதிரே, எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். அவர் குனிந்து, பசித்தவர் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார். அம்மாவின் வலது கை கரண்டியைப் பிடிக்க முடியாமல் போனது எனக்கு நினைவிருக்கிறது. மணிக்கட்டு அப்போதே வீங்கியிருந்தது. பிறகு அது முழுதாக வடியவே இல்லை.

அடுத்த முதல் வெள்ளியன்று நானும் அக்காவும் காத்திருந்தோம். அம்மா எங்களைக் கூப்பிடவில்லை. பெட்ஷீட்டை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டு, பாடத்தை இனி மேசையில் வைத்து எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள். நான் பேனாவை அழுத்தி எழுதுகிறவள். ஒரு வருஷத்துக்குள் என் வகுத்தல் கணக்குகள் தாளைத் தாண்டி மரத்தில் இறங்கியிருந்தன. அத்தா மறுபடி சபுர் போகவில்லை. மேலச் சிந்தாமணிப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். அவரும் அம்மாவும் அதிகம் பேசிக்கொண்டதாக நினைவில்லை. அவர் சாப்பிடும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

இப்போது அத்தா இல்லை. பாலக்கரை வீட்டை இடித்து, கீழே செல்போன் கடையும் மேலே லாட்ஜும் வந்துவிட்டன. மேசையை என் மன்னார்புரம் ஃபிளாட்டின் படிக்கட்டில் திருப்ப முடியாது என்பதால், பழைய சாமான் எடுப்பவர் கால்களைக் கழற்றிக் கொண்டுபோனார். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வெளியே வரவில்லை. அக்காவின் மகன் தோஹாவில் இருக்கிறான். தினமும் வீடியோவில் வருகிறான், சாப்பிட்டாயா என்று அக்கா கேட்கிறாள், சாப்பிட்டேன் என்று அவன் சொல்கிறான், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஓரத்தில் எல்லாம் எழுதி நிரப்பிய கடிதம் எந்த வீட்டுக்கும் வருவதில்லை. அம்மா எழுதிய கடிதங்கள் குவைத்திலேயே, அந்த அறையிலேயே போயின.

அம்மாவுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை, தரையில் உட்கார முடியாது. போன வாரம் மடக்குகிற பிளாஸ்டிக் மேசை ஒன்று வாங்கி வந்து, அவள் நாற்காலிக்கு முன்னால் போட்டு, தட்டை வைத்தேன். எட்டு வகுப்பு எடுத்துவிட்டு வந்த களைப்பில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சாப்பிடாமல், மேசையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

"இதுக்கு ஒண்ணும் போட வேண்டாமே?" என்றாள்.

வேண்டாம்மா, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.