ஒப்புக்குப் பாடியவன்

டெரன்ஸ் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது பாபு. ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தாபுராவில் என் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காரரோடு கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசியை எடுத்ததும், "டெரன்ஸ் பூட்டான் குரு" என்றான். "எங்க போனான், காலங்காத்தால?" என்று எரிச்சலோடு கேட்டேன். பாபு அழ ஆரம்பித்துவிட்டான். ஆராதனைக்குக் கிளம்பி, கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த டெரன்ஸ் அப்படியே சாய்ந்திருக்கிறான். ஐம்பத்து நான்கு வயது. லாரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தித் தொட்டியை நிரப்பிக் கொடுத்துப் போனார்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவனை அறிந்தவர்கள். அறியாத ஓரிருவருக்காகச் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் இளைஞர்களாக இருந்த காலத்தில் பெங்களூரில் 'கிருஷ்ணாயில்' என்று ஒரு தமிழ் ராக் குழு இருந்தது. ஆடுகோடியில் ஒரு மண்ணெண்ணெய்க் கடையின் மாடி அறையில் ஒத்திகை பார்ப்போம். சட்டை, கிட்டார், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். குழுவுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. வேலூரிலிருந்து வேலை தேடி வந்த செல்வம் என்கிற நான் பாடினேன், கிட்டார் வாசித்தேன். பக்கத்து லேத் பட்டறையில் வேலை பார்த்த பாபு டிரம்ஸ். டெரன்ஸ் பேஸ் கிட்டார். மூன்று தலைமுறையாக ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் குடும்பம் அவனுடையது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். அவன் இங்கிலீஷ் பேசி நான் கேட்டது மொத்தம் நான்கைந்து தடவைதான். இரண்டு கேசட் போட்டோம். பிறகு கல்யாணம், குழந்தை, வேலை என்று அவரவர் பாட்டுக்குப் போய்விட்டோம்.

எங்களுக்கு முதல் கைதட்டல் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அதுவும் வாசித்து அல்ல. ஒரு கல்லூரி விழா. இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் "இங்கிலீஷ்! இங்கிலீஷ்!" என்று கத்தத் தொடங்கியது. பின்னாலிருந்து யாரோ கன்னடத்தில் பாடச் சொன்னார்கள். மேடையில் வாயே திறக்காத டெரன்ஸ் என் மைக்குக்கு வந்து, "இன்னூ மூரு ஹாடு இதே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றான். இன்னும் மூன்று பாட்டு இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதே மூச்சில் தமிழில், "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்குது" என்றான். கூட்டம் சிரித்து உருண்டது. மீதி மூன்று பாட்டையும் கேட்டார்கள். கடைசிப் பாட்டில் எழுந்தே நின்றார்கள்.

பகலில் அவனுக்கு ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. பித்தளை உருப்படிகளை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்பு மை தடவி ஒதுக்க வேண்டும். அப்படிப்பட்டவன் எங்கள் ஒத்திகைப் பதிவுகளில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடமாட்டான். தாளம் தப்பியது, பாதியில் நின்றது, கரண்டு போய்ப் பாட்டே அறுந்தது எல்லாம் ஷூ பெட்டிகளில் அவன் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், "ஃபேக்டரில ரிஜெக்ட் பண்றதுக்குத்தான் சம்பளம் குடுக்கறான். இங்க எவன் குடுக்கறான், ரிஜெக்ட் பண்ண?" என்பான்.

போன வருடம் அந்தப் பெட்டிகளை இறக்கினான். கேசட்டில் வராத பாட்டுகள், வந்த பாட்டுகளின் வேறு வடிவங்கள் எல்லாவற்றையும் கேட்டுக் கணினியில் ஏற்றி ஒரு தொகுப்பாகப் போடப்போவதாகச் சொன்னான். 'மிச்சம் மீதி' என்று பெயரும் வைத்துவிட்டான். யாருடா இதையெல்லாம் கேட்பார்கள் என்றேன். "எலையில வெச்சத ஊரு சாப்ட்டுச்சு மச்சா. அடிப்பாத்திரத்துல ஒட்டியிருக்கறது வீட்டு ஆளுங்களுக்கு. அதுக்குத்தான் அடிச்சிக்குவாங்க" என்றான்.

அதில் ஒரு பாட்டின் நடுவே மண்ணெண்ணெய்க் கடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "காடி தெகீரி!" என்று கத்துவது கேட்கும். வாசலை மறித்து நின்ற பாபுவின் ஸ்கூட்டரை எடுக்கச் சொல்கிறார். பாபு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே ஓடுகிறான். டெரன்ஸ் மட்டும் நிறுத்தவில்லை. டிரம்ஸ் இல்லாமல், கிட்டார் இல்லாமல், பேஸ் மட்டும் அரை நிமிடம் தன் போக்கில் போகிறது. பாபு மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொள்கிறான். இப்போது பெரிய மனிதனாகிவிட்ட பாபு, மானம் போகிறது, வெட்டிவிடு என்றான். "நீ திரும்பி வர்ற எடந்தான்டா பாட்டு" என்று மறுத்துவிட்டான் டெரன்ஸ்.

இதுவரை சுலபமாக எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது பாபுவுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

'ஈரச்சட்டை' நான் எழுதிய பாட்டு. இருக்கிற ஒரே நல்ல சட்டையைத் துவைத்துப் போட்டு, காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனைப் பற்றியது. மெட்டு டெரன்ஸுடையது. ஒத்திகை நாளன்று நான் வேலூரில் ஒரு கல்யாணத்தில் கத்தித் தீர்த்துவிட்டுத் தொண்டை கட்டி வந்திருந்தேன். "நான் ஒப்புக்குப் பாடறேன் மச்சா, நீ வாசி" என்றான் டெரன்ஸ். பாடுகிறவனுக்கு முடியாதபோது, பாட்டின் போக்கு தவறாமலிருக்க வேறொருவன் சும்மா முணுமுணுப்பது எங்கள் வழக்கம். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முணுமுணுக்கவில்லை, பாடினான். கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயும் குரலை உயர்த்தாமல், அந்தச் சட்டை தன் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் பாடினான். முடிந்ததும் பாபு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "இதையே வெச்சிக்கலாம் குரு. இதுக்கு மேல இன்னாத்த பாடப்போறோம்?" என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. நான் வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒன்று அவனுக்குச் சும்மா கிடைத்திருந்தது. "சர்ச் கொயர் மாதிரி இருக்குது மச்சா. பேஸ் வாசிக்கறவன் பேஸ் வாசி. பாடறதுலாம் உனக்கு ஆவாது" என்று, இல்லாத குரலில் சொன்னேன். டெரன்ஸ் சிரித்தான். "சரிடா, ஒப்புக்குத்தானே" என்றான். அடுத்த மாதம் ஸ்டுடியோவில் நான் பாடியதுதான் கேசட்டில் வந்தது. உங்களில் சிலர் அதை இன்னும் பாராட்டுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசும். டெரன்ஸ் அதன் பிறகு ஒப்புக்குக்கூடப் பாடவில்லை.

அந்த ஒத்திகைக் கேசட்டை நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அவன் கேட்டபோது, தெரியாமல் அதன் மேல் ரேடியோப் பாட்டைப் பதிந்துவிட்டேன் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். "போனா போவட்டும்" என்றான். உண்மையில் அது என்னிடமே இருந்தது. ஐந்து வீடு மாறினேன், ஐந்து வீட்டுக்கும் கூடவே வந்தது. அழிக்கவும் மனம் வரவில்லை, வெளியே எடுக்கவும் தைரியம் இல்லை. வைக்கோற்போர் நாய் கதைதான்.

தொகுப்பில் பதினாறு பாட்டு சேர்ந்த பிறகு, ஆறு மாதத்துக்கு முன்னால், டெரன்ஸ் ஃபோன் செய்தான். "அந்த ஈரச்சட்டை கேசட்டு எங்கனா கெடக்குதா பாரு மச்சா" என்றான். "அதான் அப்பவே அழிஞ்சிபோச்சுன்னேனே" என்றேன். "ஆமா, சொன்ன இல்ல" என்றான். பிறகு தொகுப்பின் உறையில் போட இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னான். வாரம் தவறாமல், எழுதினியா எழுதினியா என்று நச்சரிப்பான். கேசட்டைப் பற்றி மட்டும் மறுபடி கேட்கவில்லை. நான் எழுதாமல் இழுத்தடித்தேன். அப்படி ஒரு பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு அவன் பாட்டுகளைப் பற்றி என்னத்தை எழுதுவது?

செவ்வாய்க்கிழமை அவனை அடக்கம் செய்துவிட்டு வந்து, பரணிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் கைதவறிக்கூட வேறு எதையும் பதிய முடியாது. மனதுக்குப் பிடித்த பதிவாக இருந்தால் டெரன்ஸ் முடிந்த கையோடு வீட்டுச் சாவியால் அவற்றை உடைத்துவிடுவான். இந்தக் கேசட்டிலும் இரண்டும் உடைந்திருந்தன. நான் அன்றைக்குக் கடுப்போடு கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது உடைத்திருக்க வேண்டும். அவ்வளவு வருடத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. தெரியாமல் பதிந்துவிட்டேன் என்று நான் சொன்ன அந்த நிமிடமே அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னோடு மேடை ஏறினான். தெரிந்துகொண்டே என் மகள் கல்யாணப் பந்தியில் நின்று பாயசம் ஊற்றினான். அன்று நான் அழுதேன். அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை.

இரண்டு நாள் தயங்கிவிட்டு வெள்ளிக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். டெரன்ஸின் மனைவி ஸ்டெல்லா நாற்காலி எடுத்துப் போட்டார். குழு கலைந்த பிறகு கல்யாணமாகி வந்தவர் அவர். கேசட்டை டெரன்ஸின் பிளேயரில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா முழுப் பாட்டையும் கேட்டார்.

"நல்லா பாடறாரே. யாருண்ணா இது?" என்றார்.

சொன்னேன். வயிறு எரிந்தது, பேசிய பேச்சு, பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோயில்ல வாய மட்டும் அசைப்பாருண்ணா. கேட்டா, எனக்கு ஆவாதும்பாரு. ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரு தாலாட்டு பாடினதில்ல" என்றார்.

பிறகு எழுந்து போய் டெரன்ஸின் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தொகுப்பின் வரிசை அவன் கையெழுத்தில் இருந்தது. எனக்கு அனுப்பிய பட்டியலில் பதினாறு பாட்டு, இதில் பதினேழு. கடைசி வரி இது: 'ஈரச்சட்டை. செல்வம் கொண்டுவருவான்.'

"இது இன்னான்னு கேட்டேன். அவனே கொண்டாரணும், நீ போயி கேக்காதன்னாரு" என்றார் ஸ்டெல்லா.

என்னை மன்னிச்சிடும்மா என்றேன். "அவரு எப்பவோ மன்னிச்சிருப்பாரு. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும்ணா" என்றார். அது நியாயம். டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

நண்பர்களே, வருகிற ஞாயிறு மாலை அவன் வீட்டில் கூடுகிறோம். பதினேழு பாட்டும் ஓடும். கடைசிப் பாட்டில் கிட்டார் ஓரிடத்தில் தடுமாறும். அது நான், அதை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குரல் யாருடையது என்று உங்களில் பலருக்கு அடையாளம் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் உறைக்கு எழுத வேண்டியதை இப்படி எழுதியிருக்கிறேன்.

கேசட்டை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். டெரன்ஸின் பொருள் என்று இப்போது என்னிடம் ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, நான் வருவேன் என்று இடம் போட்டு வைத்து அவன் காத்திருந்த அந்த ஆறு மாதம்தான். நான் கொண்டுபோனேன், டெரன்ஸ். ஐந்து நாள் தாமதமாகக் கொண்டுபோனேன்.