வாசலில் மச்சான், உள்ளே கால்குலஸ்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை, என் கணவரை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

பதறாதீர்கள். சண்டையெல்லாம் இல்லை. கால்குலஸ் பரீட்சை.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். நான் கடலோர ஊரான மீமிசலில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன் கணக்குக்கு டியூஷன் வேண்டுமென்றால் அறந்தாங்கிக்கு பஸ் ஏற வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும் என்று, பெண் பிள்ளைகள் பலரை வேறு குரூப் எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு என்றால் கண் மின்னுகிற பிள்ளை, ஜூன் மாதம் வேறு குரூப் புத்தகத்தோடு வந்து நின்றால் எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் அந்த எரிச்சலில், நானே படித்துவிட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆன்லைனில் பி.எஸ்ஸி. கணக்குக்குச் சேர்ந்துவிட்டேன். முதல் பாடமே கால்குலஸ்.

பெரும்பாலும் ஆன்லைன். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் புதுக்கோட்டையில் நேரடி வகுப்பு. சுலபம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்...

கால்குலஸ் படிப்பதற்கு முன்னால், கால்குலஸ் வகுப்புக்குள் நுழைவது என்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறது. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் — எல்லாம் போட்டு முடித்தால் போட்டவளுக்கே மறந்துபோகும். சக மாணவர்களுக்கு அறிமுகம் எழுத வேண்டும். எழுதினேன். "வெல்கம் ப்ரோ" என்று ஒரு தம்பி பதில் போட்டான். வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து ஒரே பிடிஎஃப்பாக அனுப்ப வேண்டும். முதல் தடவை, கணக்கோடு சேர்ந்து நறுக்கி வைத்திருந்த வெங்காயமும் போய்விட்டது. "இரண்டாம் பக்கம் தெளிவாக இல்லை" என்று மட்டும் பதில் வந்தது. வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல ஆசிரியர்.

அப்புறம் அந்த முதல் வாரத் தேர்வு. அதில் தேறினால்தான் பெயர் மாணவர் பட்டியலில் இருக்கும். இல்லையென்றால் அடுத்த வருடம்தான். கேமரா முன்னால் தனியாக உட்கார வேண்டும். பின்னால் சாத்திய கதவு தெரிய வேண்டும். வேறு முகம் தெரிந்தாலோ, வேறு குரல் கேட்டாலோ எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு தேர்வு தானாக மூடிக்கொள்ளும்.

இந்த விதிகளை எழுதியவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது முன்ஹாலில் மட்டும். முன்ஹால் என்றால் தெருக்கதவு. பகலில் தெருக்கதவைச் சாத்தும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. வெளியூர் போனால் சாத்துவோம். ஆள் உள்ளே இருந்து சாத்தியிருந்தால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

கணவர் ஜமால் சவூதியிலிருந்து லீவில் வந்திருக்கிறார். அங்கே ஒரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி வேலை.

"மச்சான், முக்கா மணி நேரம் யாரையும் கிட்ட வரவிடாதீங்க. சத்தமே கேக்கக் கூடாது. பரீட்சைன்னும் சொல்லிராதீங்க. பெயிலாயிட்டா தெருவுல தலை காட்ட முடியாது" என்றேன்.

"நான் பாக்குற வேலையே அதானே" என்றவர், பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசலில் போய் உட்கார்ந்தார்.

வெளியே நடந்தது அவர் பிறகு சொன்னது. முதலில் வந்தவர் மொபெட்டில் மீன் கொண்டுவரும் கருப்பையா. ஹாரன் அடிக்கப் போனவரைப் பார்த்து என் கணவர் உதட்டில் விரல் வைத்திருக்கிறார். கருப்பையா சாத்திய கதவைப் பார்த்தார். வெயிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"என்ன பாய், வெளிய ஒக்காந்திருக்கீங்க?"

"உள்ள விடமாட்டா" என்றார் என் கணவர், ரகசியக் குரலில்.

மீன் போன வீட்டுக்கெல்லாம் சேதியும் போனது. கொஞ்ச நேரத்தில் நாலு வீடு தள்ளியிருக்கும் சுபைதா மாமி வந்துவிட்டார். தெருவில் ஒரு சண்டை இருந்தால், அதைத் தீர்த்து வைக்கும்வரை மாமிக்குச் சோறு இறங்காது. அவர் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

உள்ளே நான் மூன்றாவது கேள்வியில் இருந்தேன். எக்ஸ் இரண்டை நெருங்குகிறது. நெருங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இரண்டாகிவிடக் கூடாது. எவ்வளவு வேண்டுமானாலும் கிட்டப் போகலாம், தொடக் கூடாது — கால்குலஸ் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் இந்தப் பாடம் ஏறாது.

"ஏம்மா, கதவத் தொற."

ஜன்னல் பக்கம் மாமியின் குரல். திரையில் சிவப்பாக முதல் எச்சரிக்கை. நான் வாயைத் திறக்க முடியுமா? தலையைத் திருப்ப முடியுமா? அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று முடிவு செய்ய மாமிக்கு அது போதுமானதாக இருந்தது.

"புருஷன் வெயில்ல காயிறான். எம்புட்டுக் கோவம் இருந்தாலும் இப்படியாம்மா?"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மாமியின் முகம் கேமராவில் விழுந்தது. இரண்டாவது எச்சரிக்கை.

இன்னும் ஒரு வார்த்தை வந்தால் ஒரு வருடம் போச்சு. பயத்தில் அழுகை முட்டியது. அழுதால் அதுவும் சத்தமாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் என் கணவர் ஜன்னலுக்கும் மாமிக்கும் நடுவே போய் நின்றாராம்.

"மாமி, தப்பு எம்மேலதான்" என்று காதோடு காதாகச் சொன்னாராம். "எல்லாத்தையும் சொல்றேன். இங்கிட்டு வேணாம். ஒங்க வீட்டுல வச்சுப் பேசுவோம், வாங்க."

மொத்தக் கூட்டமும் அவரோடு போய்விட்டது. தெரு அடங்கியது. எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. கிடைத்த அமைதியில் எழுதி முடித்தேன். பட்டனை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது... சுற்றியது... தேர்ச்சி.

கதவைத் திறந்தால் நாற்காலி மட்டும் இருந்தது. மாமி வீட்டுப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டு அங்கே ஓடினேன். கூடத்தில், கையில் டீயோடு தலையைக் குனிந்தபடி என் கணவர். சுற்றிலும் புத்திமதி.

"வாம்மா. மன்னிச்சுரு. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்" என்றார் மாமி.

"எதை மாமி?"

"போன் போட்டா ரெண்டு வார்த்தையில வைக்கிறது, லீவுல வந்தும் கூட்டாளிகளோடயே சுத்துறது, ஒந்தங்கச்சி கல்யாணத்துக்கு வராதது..."

அவர் ஒன்றுமே சொல்லவில்லையாம். "என்னடா செஞ்ச?" என்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு காரணத்தை அவர்களே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். பாதி உண்மைதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதற்கு மேல் அவரை அப்படிப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. படிப்பு, பரீட்சை எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கூட்டம் கொஞ்சம் ஏமாந்துதான் போனது. புருஷன் பெண்டாட்டி ஒற்றுமையாக இருப்பதில் ஊருக்கு என்ன சுவாரஸ்யம்? ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

மாமி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பேத்தி ஆபிதா இந்த வருடம் பத்தாம் வகுப்பு. என்னிடம்தான் படிக்கிறாள். அறந்தாங்கிக்கு அனுப்ப முடியாது என்று வீட்டில் முன்பே முடிவாகிவிட்டது.

"அப்ப... அவ கணக்கு குரூப் எடுக்கலாமா?" என்றார் மெதுவாக.

"எடுக்கட்டும் மாமி. அவளுக்கு ஒரு பாடம் முந்தி நான் ஓடிக்கிட்டிருப்பேன்."

மாமி முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லிவிட்டேன். பெயிலானால் தெருவில் தலை காட்ட முடியாது என்பது போய், இப்போது ஆபிதாவின் முகத்தில் விழிக்க முடியாது என்றாகிவிட்டது.

நேற்று இரண்டாவது தேர்வு. வாசலில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் சுபைதா மாமி. கருப்பையா தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாராம். முதல் கேள்வியைத் தொட்டிருப்பேன்...

"யாரும் சத்தம் போடாதீங்க, உள்ள நம்ம புள்ள பரீட்ச எழுதுது" என்று, கடற்கரை வரை கேட்கும் குரலில் மாமி அதட்டினார்.

திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. அதைச் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன்.